ஒருக்கா நிண்டு கேட்ட ஆள்

2016 பெப்ரவரி 4, வியாழக்கிழமை. இலங்கையில் சுதந்திர தினம், வங்கிகள் பூட்டு. அன்று இரவு, டாக்காவில் இருக்கும் பங்களாதேஷ் மத்திய வங்கியின் பெயரில் நியூயோர்க் பெடரல் ரிசேர்வ் வங்கிக்கு 35 கட்டளைகள் போய்ச் சேர்ந்தன. உங்களிடம் இருக்கும் எங்கட கணக்கிலிருந்து இன்னாருக்கு இவ்வளவு டொலர் அனுப்புங்கள் என்பதுதான் ஒவ்வொன்றிலும் இருந்த விசயம். எல்லாவற்றையும் கூட்டினால் 951 மில்லியன் டொலர். அனுப்பியது வங்கியின் ஆட்கள் இல்லை. பல மாதங்களாக அந்த வங்கியின் கணினிகளுக்குள் சத்தமில்லாமல் இருந்த கள்ளர்கள்.

அந்த 35இல் ஒன்று எங்கட நாட்டுக்கு வந்தது. பான் ஏசியா வங்கியில் கணக்கு வைத்திருந்த ‘ஷாலிகா ஃபவுண்டேஷன்’ என்ற அமைப்புக்கு 20 மில்லியன் டொலர். அன்றைய பெறுமதியில் 280 கோடி ரூபாய்க்கு மேல். ‘ஃபவுண்டேஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லைக் கள்ளர்கள் பிழையாக எழுதிவிட்டார்கள். ‘ஓ’, ‘யூ’ என்று இரண்டு எழுத்து வரவேண்டிய இடத்தில் ‘ஏ’ என்று ஒரே எழுத்து. வாசித்தால் ‘ஃபாண்டேஷன்’ என்று வரும். காசு கடந்து வரவேண்டிய வழியில் இருந்த ஜேர்மனியின் டொயிட்ஷ வங்கியில் அது கண்ணில் பட்டு, டாக்காவிடம் விளக்கம் கேட்டார்கள். இங்கே பான் ஏசியா வங்கியிலும் ஒரு அதிகாரிக்கு, இலங்கை மாதிரியான ஒரு நாட்டுக்கு இது பொருத்தமில்லாத அளவுக்குப் பெரிய தொகையாகப் பட்டிருக்கிறது. காசைக் கணக்கில் போடாமல் டொயிட்ஷ வங்கியிடமே திருப்பிக் கேட்டார்கள். 20 மில்லியனும் தப்பியது.

பிலிப்பைன்ஸுக்குப் போன 81 மில்லியன் தப்பவில்லை. அங்கே மணிலாவில் ஒரு வங்கிக் கிளையில் முன்கூட்டியே திறந்து வைத்திருந்த கணக்குகளுக்குப் போய், அங்கிருந்து சூதாட்ட விடுதிகளுக்குள் புகுந்து கரைந்துபோனது. ஏறத்தாழ 15 மில்லியன்தான் பிறகு திரும்பக் கிடைத்தது.

உலகச் செய்திகள் இதை ‘எழுத்துப்பிழையால் மாட்டிய கள்ளன்’ என்று சிரிப்புக் கதையாக எழுதின. எங்களுக்கு அந்தப் பிழையைவிட, அதைக் கண்டதும் நிண்டு, ‘இது சரியா?’ என்று கேட்ட ஆள்தான் முக்கியமாகப் படுகிறது. வியாபாரத்தில் கணினி, இணையம், பாதுகாப்பு என்று இப்போது நடக்கிற எந்தக் கருத்தரங்குக்குப் போனாலும் கிளவுட், செயற்கை நுண்ணறிவு, கியூஆர் என்று ஒரு பட்டியல் திரையில் ஓடும். நாங்கள் கணினி படிக்கிறவர்கள் இல்லை. கல்குடாப் பக்கத்திலிருந்து வந்தாறுமூலைக்கு பஸ்ஸில் போய்வருகிற கலைப்பீடத்து ஆட்கள். எங்களுக்கு வருகிற கேள்வி வேறை: காசும் தகவலும் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகும்போது, நடுவில் நிண்டு கேட்கிற வேலையை வரலாற்றில் யார் செய்தார்கள்? இப்போது அந்த வேலை யார் தலையில் இருக்கிறது?

பழைய காலத்தில் அந்த வேலை கடிதத்துக்குள்ளேயே இருந்தது. உண்டியல் என்றால் இன்றைக்கு எங்கட ஆட்களுக்கு வெளிநாட்டுக் காசு. அதற்கு முந்திய பொருள், ஒரு வணிகர் இன்னொரு வணிகருக்கு ‘இதைக் கொண்டுவருபவருக்கு இவ்வளவு கொடுங்கள்’ என்று எழுதிக் கொடுத்த ஓலையோ தாளோ. இந்தியாவில் ஹூண்டி என்பதும் இதுதான். நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் இதை வைத்துத்தான் கோப்பிக் காலத்திலிருந்து இலங்கையில் கடனும் காசும் ஓட்டினார்கள். ஐரோப்பிய வங்கிகள் உள்ளூர் வியாபாரியை நேரடியாக நம்பிக் கடன் கொடுக்காத காலம் அது, செட்டியார்தான் நடுவில். 1934இல் இலங்கை வங்கி ஆணைக்குழு இந்த நிலைமையை எல்லாம் ஆராய்ந்தது. அதன் தொடர்ச்சியாகத்தான் 1939இல் இலங்கை வங்கி திறக்கப்பட்டது.

ஹூண்டியில் பல வகை. அதில் ‘ஷா ஜோக்’ என்ற ஒன்றைப் பற்றி வாசித்தபோது எங்களுக்குக் கொஞ்சம் ஆச்சரியம். அந்தத் தாளைக் கொண்டுவருகிற எவருக்கும் காசு கொடுக்க ஏலாது. சந்தையில் மதிப்புள்ள ஒரு வணிகர் வந்து கேட்டால்தான் கொடுக்கலாம். தப்பான ஆளுக்குக் காசு போனால் அந்த மதிப்புள்ளவர் பொறுப்பு. தாள் தொலைந்தால் ‘பேட்’ என்று இரண்டாம் பிரதி, அதுவும் தொலைந்தால் ‘பர்பேட்’ என்று மூன்றாம் பிரதி. ஆளை உறுதிப்படுத்துவது, பிரதி எடுத்து வைப்பது, பிழை நடந்தால் யார் பொறுப்பு என்று முன்கூட்டியே சொல்லிவைப்பது: இன்றைக்குப் பெரிய நிறுவனங்கள் காசு கொடுத்து எழுதுவிக்கும் பாதுகாப்புக் கொள்கைகளில் இருக்கிற மூன்றும் அந்த ஒற்றைத் தாளில் இருந்தது.

மறுகா தந்தி வந்தது. இலங்கையில் கொழும்புக்கும் காலிக்கும் இடையில் 1858இல் தந்திக் கம்பி போட்டார்கள். தந்தியில் கையெழுத்து வராது, முத்திரை வராது. ‘பத்தாயிரம் கொடு’ என்று தந்தி வந்தால் அதை அனுப்பியது உண்மையில் அந்த வங்கிதானா என்று எப்படித் தெரியும்? வங்கிகள் கண்டுபிடித்த வழி சோதனை இலக்கம். தொகைக்கு ஓர் எண், திகதிக்கு ஓர் எண், நாணயத்துக்கு ஓர் எண், இரண்டு வங்கிகளுக்கு மட்டும் தெரிந்த இரகசிய எண் ஒன்று. எல்லாவற்றையும் கூட்டி வருகிற எண்ணைத் தந்தியில் சேர்த்து அனுப்புவார்கள். வாங்குகிற வங்கியில் அந்த அட்டவணைப் புத்தகம் இரும்புப் பெட்டிக்குள் இருக்கும். அதன் பகுதிகளை இரண்டு அதிகாரிகள் பிரித்து வைத்திருப்பார்கள். இரண்டு பேரும் சேர்ந்து கணக்குப் பார்த்து எண் பொருந்தினால்தான் காசு. எவ்வளவு அலுப்பான வேலை என்று யோசித்துப் பாருங்கள். ஆனால் அந்த அலுப்புக்குள்தான் பாதுகாப்பு இருந்தது. ஒரு கட்டளை வந்தால் இரண்டு மனிசர் அதை நிறுத்தி வாசிக்கவேண்டும் என்ற கட்டாயம்.

இந்த அலுப்பைக் குறைக்கத்தான் 1973இல் 15 நாடுகளைச் சேர்ந்த 239 வங்கிகள் சேர்ந்து பெல்ஜியத்தில் ஸ்விஃப்ட் என்ற அமைப்பை உருவாக்கின. 1977இலிருந்து செய்திகள் ஓடத் தொடங்கின. ஸ்விஃப்ட்டில் காசு போவதில்லை, செய்தி மட்டும்தான். ஆனால் ஸ்விஃப்ட்டில் வந்த செய்தி என்றால் அது உண்மை என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் மெல்ல மெல்ல உறுதியானது. இரண்டு அதிகாரிகளும் இரும்புப் பெட்டியும் ஒரு மென்பொருளுக்குள் போய்விட்டார்கள்.

டாக்காவில் உடைந்தது இந்த இடம்தான். ஸ்விஃப்ட் வலையமைப்பை யாரும் உடைக்கவில்லை. 2015 ஜனவரியில் பங்களாதேஷ் வங்கியின் ஊழியர்கள் சிலருக்கு வேலை தேடும் ஓர் இளைஞர் எழுதியது போல மின்னஞ்சல் வந்தது. மரியாதையான கடிதம், கூடவே சுயவிபரக்கோவை. அதைத் திறந்தவர்களின் கணினி வழியாகக் கள்ளர்கள் உள்ளே வந்தார்கள். வந்தவர்கள் உடனே காசில் கைவைக்கவில்லை. ஒரு வருசம் அளவில் உள்ளே இருந்து யார் எந்தக் கணினியில் என்ன செய்கிறார், எந்தக் கடவுச்சொல்லைத் தட்டுகிறார் என்று பார்த்துப் படித்தார்கள். எங்கட ஊரில் களவெடுக்க வருகிறவன் முதல் நாள் வெற்றிலை கேட்டு வருவது மாதிரி. அந்த வங்கியில் சரியான தீச்சுவர் இருக்கவில்லை, வலையமைப்பை இணைத்தது 10 டொலர் பெறுமதியான பாவித்த கருவிகள் என்று பிறகு விசாரணை செய்த பொலிஸ் அதிகாரி ஒருவர் ரொய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்திடம் சொன்னார். ஒரு நாட்டின் கையிருப்புக் காசு அங்கே இருந்தது.

நாளையும் பார்த்துத்தான் தெரிவு செய்திருந்தார்கள். வியாழன் இரவு கட்டளை போகும்போது நியூயோர்க்கில் வியாழன் காலை, வேலைநேரம். அடுத்த நாள் வெள்ளியும் சனியும் பங்களாதேஷில் வார விடுமுறை. டாக்கா ஞாயிறு வேலைக்கு வரும்போது நியூயோர்க் பூட்டு. திங்கள் பெப்ரவரி 8 சீனப் புத்தாண்டு, மணிலாவில் விடுமுறை. நாலு நாளுக்கு எந்த இரண்டு ஊரும் ஒரே நேரத்தில் முழித்திருக்கவில்லை.

இந்தக் கதையில் எங்களுக்கு மறக்க ஏலாத பாத்திரம் ஒரு பிரிண்டர். பங்களாதேஷ் வங்கியின் ஸ்விஃப்ட் அறையில், நடக்கிற ஒவ்வொரு பரிமாற்றத்தையும் தானாகவே தாளில் அடித்துத் தள்ளுகிற பிரிண்டர் அது. பழைய சோதனைப் புத்தகத்தின் கடைசி மிச்சம் என்று சொல்லலாம். ஒரு மனிசர் எடுத்து வாசிக்கக்கூடிய தாள். கள்ளர்களின் மென்பொருள் அதை வேலை செய்யாமல் பண்ணியிருந்தது. வெள்ளிக்கிழமை வந்த அதிகாரிகள் தட்டில் தாள் இல்லாததைக் கண்டார்கள். பிரிண்டர் பழுதுதானே, எந்தக் கந்தோரிலும் நடக்கிறதுதானே என்று நினைத்தார்கள். அதைச் சரிசெய்து அடித்துப் பார்த்தபோதுதான் நியூயோர்க்கிலிருந்து வந்து தேங்கியிருந்த கேள்விகள் வெளியே வந்தன. கேட்டிருக்கிறார்கள். கேள்வி கேட்கும் ஆள் அங்கேயும் இருந்திருக்கிறார். பதில் சொல்லவேண்டியவருக்குக் கேள்வி போய்ச் சேரவில்லை.

மிச்ச 30 கட்டளைகளும் நின்றதற்குப் பெரிய காரணம் தற்செயல். மணிலாவில் அந்த வங்கிக் கிளை இருந்த வீதியின் பெயர் ஜூப்பிட்டர். அதே பெயர் அமெரிக்காவின் ஈரான் மீதான தடைப் பட்டியலில் இருந்த ஒரு கப்பலோடு பொருந்தியதால் கணினி கொடி காட்டியது, மனிசர் எடுத்துப் பார்த்தார்கள். வேறை வீதியில் ஒரு கிளையைத் தெரிந்திருந்தால் 850 மில்லியனும் போயிருக்கும். பங்களாதேஷ் வங்கியின் ஆளுநர் அத்தியூர் ரஹ்மான் அந்த மார்ச்சில் பதவி விலகினார். 2018இல் அமெரிக்கா, வடகொரியாவுக்காக வேலை செய்த ஒரு நிரலாளர்மீது குற்றப்பத்திரம் போட்டது.

இதெல்லாம் டாக்காக் கதை, இலங்கைக்கு வெறும் ஒரு கிளை என்று விட ஏலாது. 2017 ஒக்டோபரில் தாய்வானின் பார் ஈஸ்டர்ன் சர்வதேச வங்கியில் இதே முறையில் ஏறத்தாழ 60 மில்லியன் டொலர் எடுக்கப் பார்த்தார்கள். காசு போன நாடுகளில் மறுபடியும் இலங்கை. இந்தமுறை இங்கே கைதுகளும் நடந்தன; கைதானவர்களில் அரச நிறுவனம் ஒன்றின் தலைவரும் இருந்தார். பெரும்பாலான காசு மீட்கப்பட்டது. இரண்டு வருசத்துக்குள் இரண்டு தரம் கள்ளர்கள் ஏன் எங்கட நாட்டைத் தெரிவு செய்தார்கள் என்ற கேள்வி இங்கே அதிகம் பேசப்படாமலே போய்விட்டது.

சட்டம் இல்லாமல் இல்லை. 2006 மே மாதம் காசோலையின் படத்தை அனுப்பித் தீர்க்கும் முறை இலங்கையில் தொடங்கியது; தெற்காசியாவிலேயே முதல். அதுவரை வெளியூர்க் காசோலை மாற நாள்கணக்கில் காத்திருந்தவர்களுக்கு அடுத்த வேலைநாளில் காசு வந்தது. அதே ஆண்டு மின்னணுக் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம், இணையப் பாதுகாப்புக்கென்று இலங்கை சேர்ட் அமைப்பு. 2007இல் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம். அந்த ஆண்டுகளைச் சொல்லும்போது எங்களுக்கு இன்னொன்றும் ஞாபகம் வரும். 2006 கடைசியிலும் 2007 தொடக்கத்திலும் வாகரைச் சனம் காடு கடல் எல்லாம் தாண்டி வாழைச்சேனைப் பக்கம் வந்து கூடாரங்களில் இருந்தது. அனுமதியில்லாமல் ஒரு கணினிக்குள் நுழைவது குற்றம் என்று கொழும்பில் சட்டம் எழுதிய நேரம், எங்கட பக்கத்தில் அனுமதி கேட்டுப் போவதற்கு வீட்டுக் கதவே இருக்கவில்லை. இலங்கையின் கணினி வரலாறு எல்லா ஊருக்கும் ஒரே நாளில் தொடங்கவில்லை.

எங்கட பக்கத்தின் தகவல் பாதுகாப்பு வரலாற்றை எழுதினால் அது 2004 டிசம்பர் 26இலிருந்து தொடங்கவேண்டும் என்று நினைக்கிறோம். கல்குடா, பாசிக்குடா கரையில் கடல் எடுத்தது உயிர்களையும் வீடுகளையும் மட்டும் இல்லை. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, வங்கிப் புத்தகம், அடகுத் துண்டு எல்லாம் ஒரே றங்குப் பெட்டிக்குள் இருந்தன, ஒரே அலையில் போயின. நான் இன்னார்தான் என்று காட்ட ஒரு தாளும் இல்லாத மனிசருக்குக் கிராம சேவகரின் கடிதமும், தெரிந்தவர் சொல்லும் சாட்சியமும்தான் அடையாளம். பிரதி என்றால் என்ன, அது ஏன் வேறை இடத்தில் இருக்கவேண்டும் என்பதை எங்கட அம்மாமார் அப்போதே படித்துவிட்டார்கள். இப்போதும் பல வீடுகளில் உறுதியின் போட்டோக் கொப்பி ஒன்று மட்டக்களப்பிலோ கொழும்பிலோ இருக்கிற சொந்தக்காரர் வீட்டில் இருக்கும்.

அரசாங்கம் அதைப் படித்ததாகத் தெரியவில்லை. 2023 ஓகஸ்டில் இலங்கை அரச கிளவுட் மீது கப்பம் கேட்கும் மென்பொருள் தாக்குதல் நடந்தது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 தொடக்கம் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் திரும்பக் கிடைக்கவில்லை. காரணம், அந்தக் காலத்துக்குத் தனியாக எடுத்து வைத்த பிரதி இருக்கவில்லை. பாவித்த மென்பொருள் 2013ஆம் ஆண்டு வெளியீடு. புதுப்பிக்கக் காசு இல்லாமல் தள்ளிப்போனது. ‘பேட்’டும் ‘பர்பேட்’டும் எழுதிவைத்த ஹூண்டி வியாபாரி இதைக் கேட்டால் என்ன சொல்வார் என்று நாங்கள் கன்ரீனில் இருந்து கதைத்துச் சிரித்தோம். சிரிக்கிற விசயம் இல்லைதான்.

இனி உண்டியல். 1980களிலிருந்து எங்கட பக்கத்துப் பெண்களும் ஆண்களும் மத்திய கிழக்குக்குப் போகத் தொடங்கினார்கள். யுத்தம் கனபேரை ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் தள்ளியது. வங்கிக் கிளை தூரம், பாதை பூட்டு, சோதனைச்சாவடி. அங்கே ஒருவரிடம் ரியாலைக் கொடுத்தால் இங்கே ஒருவர் வீட்டுக்கு வந்து ரூபாயைத் தருவார். எல்லையைத் தாண்டிக் காசு போகாது. இரண்டு பக்கத்துக் கணக்கும் பிறகு தீரும். இந்த முறை ஆசியா முழுக்க இருக்கிறது. அதில் அறியப்பட்ட ஒரு பழக்கம், ஒரு ரூபாய்த் தாளின் தொடரிலக்கத்தை அடையாளமாக வைப்பது. அனுப்புகிறவருக்கும் வாங்குகிறவருக்கும் அந்த இலக்கம் தெரியும்; இலக்கம் பொருந்தினால் காசு கைமாறும், அந்த இலக்கம் மறுபடி பாவிக்கப்படாது. இன்றைக்குப் போனுக்கு வருகிற ஓடிபி இதைத் தவிர வேறென்ன?

உண்டியலை நாங்கள் பெருமையாகச் சொல்ல வரவில்லை. ஏமாந்தவர் பொலிசுக்குப் போக ஏலாது, ரசீது இல்லை. 2021, 2022இல் மத்திய வங்கி டொலரை 203 ரூபாய் அளவில் பிடித்துவைத்திருக்க உண்டியல்காரர் அதைவிடக் கூடக் கொடுத்தபோது நாட்டுக்கு நடந்தது எல்லாருக்கும் தெரியும். 2020இல் 7.1 பில்லியன் டொலராக இருந்த வெளிநாட்டுப் பணவரவு 2022இல் 3.8 பில்லியனுக்கு இறங்கியது. எரிபொருள் வரிசையில் நிண்டது நாங்களும்தான். ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். உண்டியலில் கதவடியில் வந்து நிற்கிற ஆளுக்கு உங்கட அம்மாவைத் தெரியும். இலக்கம் பொருந்தினாலும் முகம் பொருந்தாவிட்டால் அவர் காசைக் கொடுக்கமாட்டார். இலக்கமும் ஆளும் சேர்ந்துதான் பூட்டு. ஓடிபி வந்தபோது இலக்கம் மட்டும் மிஞ்சியது.

2002 யுத்தநிறுத்தத்துக்குப் பிறகு எங்கட ஊர்களில் கொமினிகேஷன் கடைகள் முளைத்தன. வெளிநாட்டுக்குக் கோல் எடுக்க, பெக்ஸ் அனுப்ப, போட்டோக் கொப்பி அடிக்க. மரப்பலகைத் தடுப்புக்குள் நிண்டு லண்டன் மகனோடு கதைத்தால் வரிசையில் நிற்கிற முழுப்பேருக்கும் கேட்கும். அந்தரங்கம் என்ற ஒன்று அங்கே இல்லை. அதே கடைகள்தான் இன்றைக்கும் இருக்கின்றன. வேலைக்கு விண்ணப்பம் அனுப்ப, பாஸ்போட்டுக்குத் திகதி எடுக்க, மின்னஞ்சல் திறந்து கொடுக்க. திறந்து கொடுக்கிற மின்னஞ்சலின் கடவுச்சொல் பெரும்பாலும் வாடிக்கையாளரின் போன் இலக்கம்தான். மறந்துபோனால் திரும்ப வருவார்கள் என்று கடைக்காரர் ஒரு சீஆர் கொப்பியில் பெயரும் கடவுச்சொல்லும் வரிசையாக எழுதி வைத்திருப்பார். எந்தப் பாதுகாப்பு நிபுணரும் பார்த்தால் தலையில் கைவைப்பார். ஆனால் அந்தக் கொப்பியைத் திறந்து வைத்திருக்கிறவர் ஊர்க்காரர், பிழை செய்தால் அடுத்த நாள் கடை திறக்க ஏலாது. நிபுணர் கவலைப்படவேண்டிய இடம், அதே மின்னஞ்சலில் இப்போது வங்கிக் கணக்கும் தொங்கத் தொடங்கியிருப்பதுதான்.

2015இலிருந்து ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்கு நொடியில் காசு மாற்றும் வசதி இலங்கையில் வந்தது. பிறகு போன் செயலிகள், கியூஆர். கொரோனாக் காலம் அதை ஊருக்குள் கொண்டுவந்து சேர்த்தது. இப்போது வாழைச்சேனையில் மீன் வாடிக்காரரும் ‘காசைப் போட்டுட்டு சிலிப் அனுப்புங்க’ என்கிறார். சிலிப் என்றால் போன் திரையின் படம். அந்தப் படத்தில் தொகையை மாற்றப் பத்து நிமிசம் போதும். படத்தை நம்பி றாலையும் மீனையும் ஏற்றிவிட்டுப் பின்னேரம் கணக்கைப் பார்த்தால் ஒன்றும் வந்திருக்காது.

பாசிக்குடாவில் யுத்தத்துக்குப் பிறகு எழுந்த பெரிய ஹோட்டல்களுக்குக் கணினி பார்க்க ஆட்கள் இருக்கிறார்கள். அவற்றுக்குப் பின்னால் வீதிகளில் நாலு அறை வைத்து விருந்தினர் விடுதி நடத்துகிறவர்களுக்கு இல்லை. அவர்களின் முழு வியாபாரமும் வெளிநாட்டு முன்பதிவுத் தளத்தில் இருக்கிற ஒரு கணக்கு. 2023இலிருந்து உலகம் முழுக்க நடக்கிற ஒரு மோசடி இந்தக் கணக்குகளைத்தான் குறிவைக்கிறது. ‘உங்கள் விடுதியில் தங்கியபோது பொருள் தொலைந்தது, படம் இணைத்திருக்கிறேன்’ என்று ஒரு விருந்தாளி எழுதுவார். திறந்தால் கடவுச்சொல் போய்விடும். பிறகு விடுதியின் பெயரிலேயே வரப்போகிற விருந்தாளிகளுக்கு ‘அட்டை விபரத்தை மறுபடி உறுதிப்படுத்துங்கள்’ என்று செய்தி போகும். டாக்காவில் சுயவிபரக்கோவை, இங்கே தொலைந்த பொருள். மரியாதையாக எழுதிய கடிதத்துக்குப் பதில் போடாமல் விடக்கூடாது என்று நினைக்கிற நல்ல பழக்கத்தின் மேல்தான் இரண்டும் ஏறி வருகின்றன.

எல்லாவற்றையும் விடக் கூட நடப்பது போன் கோல். ‘அம்மா, பரிசு விழுந்திருக்கு’, ‘தவறுதலா உங்கட நம்பருக்கு ஒரு கோட் வந்திட்டுது, ஒருக்காச் சொல்லுங்கோ’. சொன்னால் வட்ஸ்அப் போய்விடும், சிலவேளை கணக்கும். போன வட்ஸ்அப்பிலிருந்து உங்கட பெயரில் மாமிக்கும் சித்திக்கும் ‘அவசரமா காசு வேணும்’ என்று போகும். இதைப் பற்றி எச்சரிக்கைகள் வராமல் இல்லை. ஓடிபி வருகிற குறுஞ்செய்தியிலேயே ‘யாருக்கும் சொல்ல வேண்டாம்’ என்று இருக்கும். ஆனால் எங்கட வீடுகளுக்கு வருகிற அந்தச் செய்திகள் ஏறத்தாழ எல்லாம் ஆங்கிலத்தில். கோல் எடுக்கிற கள்ளன் தமிழில் கதைக்கிறான், அதுவும் நல்ல மரியாதையாக. ‘மனே, இந்தா ஒரு நம்பர் வந்திருக்கு, என்னெண்டு பார்’ என்று கேட்க வீட்டில் படிக்கிற பிள்ளை இல்லாத நேரமாகப் பார்த்து அந்தக் கோல் வந்தால் என்ன செய்வது?

வரலாற்றில் மாறியது இதுதான் என்று எங்களுக்குப் படுகிறது. ஷா ஜோக்கில் மதிப்புள்ள வணிகரும், தந்தியில் இரண்டு அதிகாரிகளும், உண்டியலில் கதவடியில் வந்த ஆளும் நடுவில் நிண்டு கேட்டார்கள். வேலை அவர்களுடையது, பிழைத்தால் பொறுப்பும் அவர்களுடையது. இப்போது நடுவில் யாரும் இல்லை, வேகம் மட்டும்தான். நிண்டு யோசிக்கிற வேலையைக் கடைசியில் இருக்கிற ஆளின் கையில் கொடுத்துவிட்டார்கள், அதையும் அவருக்கு விளங்காத மொழியில். காசு போனால் ‘நீங்கள்தானே இலக்கத்தைச் சொன்னீர்கள்’ என்று கவுண்டரில் பதில் வரும். 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், எங்கட தகவலை வைத்திருக்கிற நிறுவனங்களுக்குக் கடமைகளைச் சொல்கிறது. நல்ல சட்டம். அது முழுமையாக நடைமுறைக்கு வருவது தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. பெரிய தொகையோ, புதிய ஆளுக்கு முதல்தரம் போகிற காசோ என்றால் சில மணித்தியாலம் பிடித்துவைக்கலாம், எச்சரிக்கையைத் தமிழிலும் சிங்களத்திலும் அனுப்பலாம். இரண்டுக்கும் புதிய தொழில்நுட்பம் ஒன்றும் தேவையில்லை. வாடிக்கையாளர் கோவிப்பார் என்று வங்கிகள் சொல்லக்கூடும். பான் ஏசியா வங்கியில் அந்த 20 மில்லியனைப் பிடித்துவைத்தவருக்கும் அந்தக் கணக்குக்காரர் கோவிப்பாரே என்ற யோசனை வந்திருக்கும்தானே?

வாழைச்சேனைச் சந்தைப் பக்கம் சில கடைக்காரர் இதற்குள் தங்கட வழியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். சிலிப்பைக் காட்டினால் பார்க்கமாட்டார்கள். வங்கியிலிருந்து தங்கட போனுக்குச் செய்தி வந்து சத்தம் கேட்டால்தான் சாமான் கைமாறும். சிக்னல் இல்லாத நேரம் என்றால் வாங்க வந்தவரை ஒரு கதிரையில் இருத்தி பிளேன்ரீ கொடுத்து வைத்திருப்பார்கள். செய்தி வரும்வரைக்கும் கதைப்பார்கள், எந்த ஊர், யாருடைய மகன் என்று.